தவளை பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கிறவர் விடியலுக்கு முன் எழுவார். தவளை பார்க்கிறவர் இருட்டிய பிறகுதான் செருப்பைத் தேடுவார். முதன்முறை என்னோடு வந்தவர்கள் சேற்றில் நின்றுகொண்டு கேட்ட கேள்விகளும், வீடு திரும்பிய பிறகு நிதானமாகக் கேட்ட கேள்விகளும் கீழே இருக்கின்றன. கேட்ட வரிசையில் அல்ல. இரவு போகும் வரிசையில்.

எங்கே போனால் தவளையைப் பார்க்கலாம்?

பெரிய ஏரியைத் தேடி ஓட வேண்டாம். மீன் நிறைந்த ஆழமான நீரில் முட்டையும் தலைப்பிரட்டையும் தப்புவது கடினம் என்பதால், பல இனங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. மழைக்கு நிரம்பிச் சில வாரங்களில் வற்றிவிடும் குட்டை, புல் மூழ்கிய பள்ளம், வண்டிச் சக்கரத் தடத்தில் தேங்கிய நீர் ஆகியவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. கணுக்கால் ஆழம் போதும். "இதிலா?" என்று நீங்கள் முகம் சுளிக்கும் இடத்தில்தான் ஐந்தாறு இனங்கள் ஒரே இரவில் கூடியிருக்கும்.

காட்டில் கணக்கு வேறு. ஓடையில் நனைந்த பாறை, மரப்பொந்தில் நிற்கும் நீர், சருகு மெத்தை, இலையின் அடிப்புறம் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனம் குடியிருக்கும். அங்கே நீர்நிலையைத் தேடுவதைவிட ஈரத்தைத் தேடுவது பலன் தரும்.

எந்தப் பருவம், எந்த நேரம்?

வெப்பமண்டலத்தில் பருவமழையின் முதல் சில இரவுகளைத் தவறவிடக் கூடாது. குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கம். குட்டையின் விளிம்பில் பனிக்கட்டி மீதம் இருக்கும்போதே சில இனங்கள் கத்தத் தொடங்கிவிடும். பொழுது சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை நல்ல நேரம். காற்று பலமாக வீசும் இரவில் வீட்டிலேயே இருந்துவிடலாம். தோல் காய்ந்துவிடும் என்று தவளைகளும் அப்படித்தான் நினைக்கின்றன.

இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில இனங்கள் மாதக்கணக்கில் பொறுமையாக இணைதேடும். சிலவற்றுக்கு எல்லாமே இரண்டு மூன்று இரவுகளில் முடிந்தாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வருகிறது. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 2003இல்தான். வட அமெரிக்கப் பாலைவனத்தில் மண் தோண்டித் தேரைகள் இருக்கின்றன. மழை தரையில் அடிக்கும் அதிர்வை மண்ணுக்குள்ளிருந்தே உணர்ந்து மேலே ஏறி வரும். அவற்றில் ஓர் இனத்தின் தலைப்பிரட்டை எட்டு நாளில்கூட கால் முளைத்துக் கரையேறிவிடும், ஏனென்றால் ஒன்பதாம் நாள் குட்டை இருக்குமா என்பது நிச்சயமில்லை. "அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிவைக்கிறேன்.

பகலில் எதுவும் தெரியாதா?

ஓடைக்குப் போனால் தெரியும். நீர் இரைச்சலில் குரல் மூழ்கிவிடும் என்பதால் சில ஓடைத் தவளைகள் பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் கொடிபோல ஆட்டுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகள் பகலிலேயே இதைச் செய்யும். 2014இல் ஒரே கட்டுரையில் இவற்றில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. பாறைக்கு எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அசைவுக்காகக் காத்திருங்கள்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, கையில் சிறு டார்ச் ஒன்று, இரண்டுக்கும் மாற்று பேட்டரி. முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி. சிறிய வெப்பமானி. பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தில் மை கரைந்துவிடும். சரசரக்கும் மழைக்கோட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஒருமுறை கையைத் தூக்கினால் குட்டையே வாயடைத்துப்போகும்.

தூரத்தில் ஓயாமல் கத்துகின்றன, அருகில் போனதும் நின்றுவிடுகின்றன. என்ன செய்வது?

உட்காருங்கள். தவளை பார்ப்பதில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன், மற்றதெல்லாம் தகவல்.

தவளைக்கு உங்கள் முகம் தெரிவதற்கு முன்பே கால் அதிர்வு தெரிந்துவிடுகிறது. அதனால் கரைக்கு ஐந்தாறு அடி முன்னதாகவே நின்று, விளக்கை அணைத்து, குந்தாமல் நன்றாகச் சம்மணம் போட்டு அமர்ந்துவிட வேண்டும். குந்தினால் கால் மரத்து இரண்டு நிமிடத்தில் அசைவீர்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். எங்கோ எதிர்க்கரையில் ஒன்று அரைகுறையாக ஒரு சத்தம் போட்டு நிறுத்தும். சற்று நேரம் கழித்து மறுபடி. பக்கத்து ஆண் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பதில் கொடுக்கும். அவ்வளவுதான், ஒன்றைத் தொட்டு ஒன்றாக வட்டம் உங்களை நோக்கி நெருங்கி வரும். கடைசியாக வாய் திறப்பது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான். என்னோடு வந்த ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஒன்றுகூட இல்லை" என்று எழ முற்பட்டபோது அவருடைய பையின் மேலிருந்து ஒன்று கத்தியது.

அவை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியை ஆய்வாளர்கள் அப்படியே நிரூபித்திருக்கிறார்கள். பனாமாக் காட்டில் துங்காரா என்ற சிறு தவளையின் குரலைக் கேட்டே ஒரு வகை வௌவால் பறந்து வந்து கவ்வுகிறது. அந்தத் தவளை ஒரு நீண்ட முனகலோடு "சக்" என்று ஓர் ஒலியைச் சேர்த்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். வௌவாலுக்கும் அதுவே பிடிக்கும். வௌவாலைக் கண்டு வாயை மூடினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கத்தும்போது தொண்டையில் ஊதும் குரல்பை கிளப்பிய நீர்வளையங்கள் சில நொடி பரவிக்கொண்டிருக்கும், வௌவால் அந்த அலையையும் கண்டுபிடித்துவிடுகிறது என்று 2014இல் காட்டினார்கள். இத்தனை ஆபத்துக்கு நடுவே கத்துகிற ஓர் உயிரிடம் நாம் இருபது நிமிடம் அமைதியைக் கடன் கேட்பது பெரிதில்லை.

குரல் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இரு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துத் தலையை மெல்லத் திருப்புங்கள். எந்தத் திசையில் ஒலி கூர்மையாகிறதோ அதுதான் வழி. இருவர் இருந்தால் இன்னும் எளிது. சில அடி இடைவெளியில் நின்று ஆளுக்கொரு கையை நீட்டி ஒலி வரும் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு கைகளின் நேர்க்கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே இருக்கிறது. கத்தும்போது மட்டும் ஓர் அடி எடுத்து வையுங்கள். நிறுத்தினால் நீங்களும் நில்லுங்கள். பிள்ளைகள் விளையாடும் சிலை விளையாட்டுதான் இது.

தரையிலேயே கண்ணைப் பதித்துத் தேடுகிறவர்கள் நிறைய. கீச்சென்ற சிறு குரல் பெரும்பாலும் இடுப்பு உயரத்து இலையில் இருந்து வரும்.

டார்ச் அடித்தால் கண் மின்னும் என்கிறார்களே?

மின்னும். விளக்கு உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும்; இடுப்பருகே பிடித்தால் ஒளி திரும்பி உங்கள் கண்ணுக்கு வராது. ஆனால் வைரத்தூள் சிதறியதுபோலக் கூர்மையாகக் குத்தும் குட்டிப் புள்ளிகளைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அவை சிலந்திகள். முதல் இரவில் நான் எண்ணிய "நாற்பது தவளை"களில் முப்பதுக்கு மேல் எட்டுக்கால் கொண்டவை.

ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பெரும்பாலோர் பெயரைக் கேட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

விளக்கின் நடு ஒளியை அதன்மேல் பாய்ச்சாமல், விளிம்பொளி மட்டும் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கத்துகிற ஆண் வாயைத் திறக்காது, நாசியும் மூடியிருக்கும். விலா இரண்டும் ஒட்டிப்போகும்; அந்தக் கணமே தொண்டை பளபளப்பான குமிழாக எழும்பும். பிறகு குமிழ் சுருங்க, விலா மறுபடி புடைக்கும். ஒரே காற்று நுரையீரலுக்கும் குரல்பைக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் மூச்சு விடாமல் கத்த முடிகிறது. குமிழ் எத்தனை, ஒன்றா, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டா, எங்கே இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

அது ஒரு பூச்சியைப் பிடித்தால் கண்ணைப் பாருங்கள். விழுங்கும்போது இரண்டு கண்களும் மூடி, தலைக்குள் அமிழ்ந்துபோகும். கண்விழி உள்ளே இறங்கி இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளுகிறது. தண்ணீர் குடிப்பதை மட்டும் பார்க்கவே முடியாது, ஏனென்றால் தவளை வாயால் குடிப்பதில்லை. ஈரமண்ணில் அடிவயிற்றை ஒட்டிப் படுத்திருந்தால் அதுதான் குடித்துக்கொண்டிருக்கும் தவளை. அங்கிருக்கும் மெல்லிய தோல் நீரை உறிஞ்சுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் தோலுரிப்பதையும் காணலாம். சட்டையைக் கழற்றுவதுபோல உடம்பை முறுக்கி, பழைய தோலை வாய்ப்பக்கம் இழுத்து, அப்படியே தின்றுவிடும்.

கத்தும் ஆணுக்குச் சற்றுத் தள்ளி, சத்தமே போடாமல் இன்னொரு ஆண் பதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தவன் குரலுக்கு வரும் பெண்ணை வழியிலேயே மறிக்கும் ஆசாமி அது.

தவளைக்கும் தேரைக்கும் என்ன வித்தியாசம்?

வழவழப்பு, நீண்ட கால், பெரிய தாவல் என்றால் தவளை. சொரசொரப்பு, குட்டைக் கால், தத்தல், கண்ணுக்குப் பின்னால் பருத்த நஞ்சுச் சுரப்பி என்றால் தேரை. அன்றாடப் பேச்சுக்கு இது போதும். அறிவியல் வகைப்பாட்டில் தேரைகளும் தவளை வரிசைக்குள்தான் அடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இனங்கள் ஏராளம் என்பதால் இதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை.

ஆண், பெண் எப்படி அறிவது?

கத்தினால் ஆண். கிட்டத்தட்ட எப்போதும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியிருந்தால் மேலே இருக்கும் சிறியது ஆண், கீழே இருக்கும் பெரியது பெண். அமெரிக்கக் காளைத்தவளையில் கண்ணுக்குப் பின்னால் உள்ள வட்டச் செவிப்பறை ஆணுக்குக் கண்ணைவிடப் பெரிதாகவும், பெண்ணுக்கு ஏறக்குறையக் கண்ணளவாகவும் இருக்கும். இந்தியக் காளைத்தவளையில் சந்தேகத்துக்கே இடமில்லை. மழைக்காலத்தில் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி, கன்னத்துக் கீழே இரண்டு நீலப் பைகளை ஊதிக்கொண்டு நிற்கும்.

இனத்தை எப்படி உறுதிசெய்வது?

நிறத்தை நம்பாதீர்கள். ஒரே தவளை மாலையில் பழுப்பாகவும் இரவில் வெளிர் மஞ்சளாகவும் இருக்கக்கூடும். விரல் நுனியில் வட்டத் தகடு இருக்கிறதா, விரலிடைச் சவ்வு எதுவரை ஓடுகிறது, செவிப்பறை தெரிகிறதா, முதுகில் நீளவாட்டு மடிப்பு உண்டா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் குரல். பார்வைக்கு அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்கள் குரலில் பிரிந்துவிடும். ஒலிப்பதிவோடு அப்போதைய வெப்பநிலையையும் எழுதுங்கள். குளிர்ந்த இரவில் அதே தவளை மெதுவாகக் கத்தும், அது தெரியாமல் வேறு இனம் என்று குழம்புவார்கள். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய 'ஃப்ராக்ஐடி' திட்டம் முழுக்க முழுக்க மக்கள் கைபேசியில் பதிந்து அனுப்பும் குரல்களை நம்பியே நடக்கிறது. ஒரு தவளையையும் தொடாமல் நாடு முழுவதும் கணக்கெடுக்க முடிகிறது.

நீரில் நுரை போலவும் நூல் போலவும் இருப்பவை முட்டைகளா?

கருமணி கோத்த கண்ணாடி நூல் செடிகளில் சுற்றியிருந்தால் பெரும்பாலும் தேரை. திரளாக மிதக்கும் கூழ் தவளை. நீருக்கு மேலே கிளையில் ஒட்டியிருக்கும் வெண்ணுரை உருண்டை மரத்தவளையின் கூடு. பெண் தன் சுரப்பைப் பின்னங்காலால் கடைந்து அதைச் செய்கிறது, பொரித்த தலைப்பிரட்டைகள் கீழே உள்ள நீரில் உதிரும். நீரே தேவைப்படாதவையும் உண்டு. களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஒரு சிறு தவளை மூங்கிலில் உள்ள இடுக்கு வழியே இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்துக்குள் நுழைந்து முட்டையிடுவதை 2014இல் விவரித்தார்கள். அங்கே தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான்.

நுரைக்கூட்டைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம். முட்டை ஒட்டிய இலையை வளைத்துப் படமெடுக்கவும் வேண்டாம். நடு அமெரிக்காவின் செங்கண் மரத்தவளை முட்டைகள் பாம்பு கடிக்கும் அதிர்வை உணர்ந்து, நாள் நிறைவதற்கு முன்பே சில நொடிகளில் பொரித்து நீரில் குதித்துவிடுகின்றன. முட்டைக்குள் இருப்பது வெளியுலகை இவ்வளவு கவனிக்கிறது.

தலைப்பிரட்டையைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்க்கலாமா?

வேண்டாம். பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், தொட்டியில் வளர்ந்ததைத் திரும்ப விடும்போது நோயையும் சேர்த்து விடுகிறோம். வாரம் ஒருமுறை அதே குட்டைக்குப் போங்கள். முதலில் பின்னங்கால் வெளியே மொட்டுவிட்டு மெதுவாக வளரும். முன்னங்கால் அப்படியல்ல, தோலுக்குள்ளேயே முழுதாக வளர்ந்து, ஒருநாள் திடீரென்று முழங்கை முட்டிக்கொண்டு வெளியே வரும். அப்போது வாய் அகன்றுகொண்டிருக்கும், குடல் சுருங்கிக்கொண்டிருக்கும், இரை எடுக்க முடியாது. வாலைக் கரைத்துத்தான் அந்த நாட்களை ஓட்டுகிறது.

கையில் எடுத்தால் என்ன?

தவளையின் தோல் அதற்கு நுரையீரலும் குடிநீர்க் குழாயும் சேர்ந்த மாதிரி. உங்கள் கையில் இருக்கும் வியர்வை உப்பு, கொசு விரட்டி, வெயில் களிம்பு எல்லாம் அதன் வழியே உள்ளே போகும். உங்களுக்கும் சங்கடம் வரலாம். தேரையின் நஞ்சு கண்ணில் பட்டால் நன்றாக எரியும். மரு வரும் என்பது மட்டும் பொய். மருவுக்குக் காரணம் மனிதரிடையே பரவும் வைரஸ். பாதையில் நசுங்கிவிடும் என்று நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், கையை அந்தக் குட்டை நீரிலேயே நனைத்துக்கொண்டு, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

காலணியைக் கழுவச் சொல்கிறீர்களே, அவ்வளவு முக்கியமா?

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கைட்ரிட் எனப்படும் பூஞ்சை 1999இல் அறிவியலில் பெயர் பெற்றது. அது தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடும். 2019இல் வெளியான கணக்கின்படி குறைந்தது 501 இனங்கள் இதனால் குறைந்துள்ளன. அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. அதன் வித்துகள் நீரில் நீந்தும், ஈரச்சேற்றில் பயணம் செய்யும், முழுதாக உலர்ந்தால் சாகும். அதனால் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் சேற்றைத் தேய்த்து எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். அதே இரவில் இரண்டாவது இடம் போக வேண்டுமா? மாற்றுக் காலணி வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு ஒரே குட்டை போதும். ஒரே குட்டையில் ஓர் இரவு முழுவதும் பார்ப்பதற்கு இருக்கிறது.

புகைப்படம், ஃபிளாஷ்?

ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அகல விரிந்த கண்ணில் திரும்பத் திரும்ப ஃபிளாஷ் அடித்தால் அது வெகுநேரம் அசையாமல் இருந்துவிடும். "அமைதியாகப் போஸ் கொடுத்தது" என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். மங்கிய சிவப்பு ஒளி குறைவாகத் தொந்தரவு செய்யும். இணை சேர்ந்திருப்பவற்றை விட்டுவிடுங்கள். கைபேசியில் அதன் குரலையே ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. போட்டியாளன் வந்துவிட்டான் என்று நினைத்து அது செலவழிக்கும் சக்தி இணைக்காகச் சேர்த்துவைத்தது. அரிய இனம் என்றால் படத்தோடு இடத்தின் துல்லியக் குறியீட்டை வெளியிடாதீர்கள். பிடித்து விற்கிறவர்களும் அதே படத்தைப் பார்க்கிறார்கள்.

பாம்பு இருக்குமே?

இருக்கும். தவளை நிறைந்த குட்டைக்கு உங்களுக்கு முன்பே அது வந்திருக்கும். கை வைக்கும் முன், உட்காரும் முன், கால் எடுத்துவைக்கும் முன் அந்த இடத்தில் ஒருமுறை ஒளியடித்துப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். அட்டை ஒட்டினால் பிடித்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செருகி நெம்புங்கள்.

சருகுக் காட்டில் காலடியிலிருந்தே குரல் வருகிறது, எவ்வளவு தேடியும் எதுவும் இல்லை. பூச்சியாக இருக்குமோ?

இருக்கலாம். பப்புவா நியூ கினிக் காட்டில் இரண்டு ஆய்வாளர்களுக்கும் அதே சந்தேகம் வந்தது. சருகுக்குள்ளிருந்து பூச்சிபோல டிக் டிக் என்று ஓர் ஒலி. கைகளை நீட்டித் திசையைக் கணித்துப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அந்த இடத்துச் சருகை அப்படியே வாரிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இலை இலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓர் இலையிலிருந்து குட்டியாக ஏதோ தாவியது. அது ஒரு தவளை, சராசரியாக 7.7 மில்லிமீட்டர் நீளம்; 2012இல் அதை விவரித்தபோது, அதுவரை அறிந்தவற்றில் உலகின் மிகச் சிறிய முதுகெலும்புள்ள உயிர் என்று அறிவித்தார்கள். நீங்கள் சருகை வார வேண்டாம். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். இலைமேல் ஓர் உளுந்து அளவுக்கு நிழல் நகர்கிறதா என்று பாருங்கள்.